முதியோரும் கப்பற் பிரயாணமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்கள் மாலை வேளைகளில் கூடிப் பேசுகிற இடங்களில், பென்ஷனும் சர்க்கரை வியாதியும் பேரக் குழந்தைகளின் படிப்பும் நெடுங்காலமாக வகித்து வந்த ஸ்தானத்தில், சில வருஷங்களாகக் கப்பற் பிரயாணமும் பங்கு கேட்கத் தொடங்கியிருக்கிறது. எங்கள் மேலப்பாளையத்தில் அஸர் தொழுகை முடிந்தபின் டீக்கடை பெஞ்சில் கூடுகிற சிறிய சபையில், மகன் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் சென்னையிலிருந்து பெரிய உல்லாசக் கப்பலில் ஏறிவிட்டு வந்த வியாபாரி ஒருவரும், கொச்சியிலிருந்து அரசாங்கக் கப்பலில் லட்சத்தீவுகளுக்குப் போய்வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் இருக்கிறார்கள். எந்தக் கப்பல் மேலானது என்ற விவாதம் இவ்விருவருக்குமிடையே ஓய்ந்தபாடில்லை.

"அண்ணாச்சி, அதுல லிஃப்டு இருக்கு, டாக்டரு இருக்காரு. முட்டுவலிக்காரன் நான் வேற எதுல போவ?" என்பார் வியாபாரி. "கப்பலே ஒரு டவுனா இருந்தா, அதுக்கு எதுக்குக் கடலுக்குப் போகணும் பாய்?" என்பார் ஆசிரியர்.

இருவர் வாதத்திலும் உண்மை இருக்கிறது. அந்த உண்மைகளை நிறுத்துப் பார்த்து, நமது தாமிரபரணிப் பிரதேசத்து முதியவர்களுக்கு ஏற்ற கப்பல் எது, அதை நமக்குத் தரவேண்டியவர்கள் யார் என்பதைப் பற்றி என் அபிப்பிராயத்தைப் பொதுமக்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இவ்வூருக்குக் கப்பல் புதிதன்று. ஒரு தலைமுறைக்கு முன்வரை இங்கிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்களில் பெரும்பாலோர் ரயிலில் பம்பாய்க்குப் போய், முசாபிர்கானாவில் தங்கித் தடுப்பூசியும் காகிதங்களும் முடித்துக்கொண்டு, முகல் லைன் கம்பெனியின் கப்பலில் ஜித்தாவுக்குப் பயணமானவர்களே. 'அக்பர்', 'நூர்ஜஹான்' என்னும் கப்பற் பெயர்கள் எங்கள் பெரியவர்களின் வாயில் சொந்தக்காரர் பெயர்களைப் போலவே இன்றும் வழங்குகின்றன. 1995-இல் அந்தக் கப்பற் போக்குவரத்து முற்றும் நின்று, யாத்திரை விமானத்துக்கு மாறியது. கப்பல் வழியை மீண்டும் திறக்கச் சவூதி அரசு இணங்கியிருப்பதாக 2018-இல் மத்திய அரசு அறிவித்தபோது இங்கே எழுந்த மகிழ்ச்சி பெரிது; ஆனால் அறிவிப்போடு அது நின்றுவிட்டது. அந்தக் காலத்துக் கப்பலில் போய்வந்த ஹாஜியார்களிடம் கேட்டால், புழுக்கத்தையும் வாந்தியையும் தண்ணீர்க் குழாயடி நெரிசலையும் மறைக்காமலே சொல்வார்கள். ஆயினும், யாத்திரை உடைக்கு மாறவேண்டிய யலம்லம் எல்லைக்கு நேராகக் கப்பல் வந்துவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டதும், மலையாளியும் வங்காளியும் தமிழனுமாக அந்தத் தளத்தில் இருந்த ஆண்கள் அனைவரும் தைக்காத வெள்ளைத் துணிக்கு மாறி ஒரே குரலில் தல்பியாப் பிரார்த்தனை முழங்கியதைச் சொல்லும்போது, அந்தச் சிரமங்களுக்கெல்லாம் ஈடு கிடைத்துவிட்டதென்று அவர்களுடைய முகமே கூறும்.

இலங்கைக் கப்பலும் அப்படித்தான். சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வந்த ரயிலுக்குப் 'போட் மெயில்' என்று பெயர் வந்ததே, இறங்கினவர்கள் அங்கே கொழும்புக் கப்பல் ஏறினார்கள் என்பதனால். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின் அந்த வழி தனுஷ்கோடிக்குத் திரும்பியது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 'இர்வின்', 'கோஷன்' முதலிய சிறு நீராவிக் கப்பல்கள் ஓடின. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. கிழக்கே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நாகப்பட்டினம் வழியாகச் சென்ற 'ரஜூலா' 1973 வரையிலும், அதன் பின் வந்த 'சிதம்பரம்' 1985-இல் தீவிபத்துக்கு உள்ளாகும் வரையிலும் ஓடியதை அறிந்தவர்கள் தமிழ்நாட்டின் கரையோர ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். ஆகவே, கப்பல் என்பது செல்வந்தர்களின் விளையாட்டு என்று எண்ணும் மனோபாவம் நமக்கு அண்மையில் ஏற்பட்டது. நம் முன்னோருக்கு அது பிழைப்புக்கும் பக்திக்கும் உறவுக்கும் உரிய பாதையாக இருந்தது.

இனிப் பெரிய கப்பலைப் பார்ப்போம். 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக முதலமைச்சர் கொடியசைத்து வழியனுப்பிய 'எம்பிரஸ்' 1990-இல் கட்டப்பட்டது. ஏறத்தாழ 48,000 டன் அளவுள்ளது. சுமார் 1,800 பேரை ஏற்றக்கூடியது. நமக்கு இது பிரமாண்டம். உலகக் கணக்கிலோ இது நடுத்தரம் என்றுகூடச் சொல்ல இயலாது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமியிலிருந்து முதற்பிரயாணம் புறப்பட்ட 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 2,48,663 டன், இருபது தளங்கள், பிரயாணிகள் மட்டுமே 7,600 பேர் வரை. டைட்டானிக் கப்பலின் அளவு 46,000 டன்னுக்குச் சற்று அதிகம் என்பதை நினைவிற்கொண்டால் இதன் பரிமாணம் விளங்கும். இங்கே டன் என்பது எடையைக் குறிப்பதன்று. கப்பலின் உள்ளே அடங்கிய இடத்தின் கொள்ளளவைக் குறிப்பது.

இத்தகைய கப்பலை முதியவர்கள் விரும்புவதற்குத் தக்க காரணங்கள் உண்டு. உடல் பெரிதானால் அலையின் ஆட்டம் குறைகிறது. பக்கவாட்டில் மீன் செட்டைபோல் நீளும் தகடுகள் ஆட்டத்தை மேலும் அடக்குகின்றன. மின்தூக்கி உண்டு, சக்கர நாற்காலி நுழையத்தக்க அகலமான அறைகள் உண்டு, இரவு இரண்டு மணிக்கு மார்பு வலித்தால் ஓடிவர மருத்துவர் உண்டு. கடல்சார் தொழிலாளர் பற்றிய 2006-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையின்படி, நூறு பேருக்குக் குறையாமல் ஏற்றிக்கொண்டு வழக்கமாக மூன்று நாட்களுக்கு மேற்பட்ட சர்வதேசப் பிரயாணம் செய்யும் கப்பல் எதுவானாலும் தகுதிபெற்ற மருத்துவர் அதில் இருந்தே ஆகவேண்டும். இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு மாத்திரைப் பெட்டியோடு பிரயாணம் செய்கிறவருக்கு இந்த ஒரு விதியே போதுமான தைரியத்தைக் கொடுக்கும். எங்கள் வியாபாரி நண்பர் முட்டுவலியைச் சொல்லிப் பெரிய கப்பலுக்கு வாதாடும்போது அவரை ஆடம்பரப் பிரியர் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

ஆனால் அத்தனை பெரிய கூட்டமே அந்தக் கப்பலின் பலவீனமும் ஆகிறது. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கஹாமா துறைமுகத்தில் 'டைமண்ட் பிரின்சஸ்' கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டபோது அதில் இருந்தவர்கள் 3,711 பேர். அவர்களில் எழுநூறு பேருக்கு மேல் கொரோனா தொற்றியது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஓர் ஊரே மிதக்கும்போது ஊரின் நோயும் சேர்ந்து மிதக்கிறது. கரையில் இருக்கும் ஊர்களுக்கும் இதனால் சங்கடம் உண்டு. இருபத்தையாயிரம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தன் பழைய நகரத்தின் நடுவே செல்லும் கால்வாயில் நுழையக்கூடாதென்று 2021 ஆகஸ்டு முதல் வெனிஸில் தடை விதிக்க நேர்ந்தது. நம் 'எம்பிரஸ்' கப்பலையும் அங்கே உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

இவற்றைவிட எனக்குப் பெரிய குறையாகத் தோன்றுவது வேறொன்று. சென்னையிலிருந்து இரண்டு இரவுப் பிரயாணம் என்று விற்கப்படுவது, ஆழ்கடலில் சுற்றிவிட்டு மறுபடியும் சென்னைக்கே வந்து சேர்வது. மேடை, நீச்சல் குளம், சூதாட்டக் கூடம், நாள் முழுதும் ஓயாத பந்தி ஆகியவற்றுக்கிடையே கடல் ஒரு சன்னலுக்கு வெளியே தொங்கும் திரைச்சீலையாகிவிடுகிறது. புதுச்சேரிக்கு வருவதாக இருந்த அதே கப்பலை, அதில் நடக்கும் சூதாட்டத்தைக் காரணம் காட்டி அப்பொழுது அனுமதிக்க மறுத்தார்கள் என்பதும் பொதுமக்கள் அறிந்ததே. அறுபது வயது வரை பள்ளிக்கூடத்திலோ தாலுகா ஆபீசிலோ தறியிலோ உழைத்து ஓய்ந்த ஒரு தம்பதி, வாழ்நாளில் ஒரு முறை கடலேறும்போது, மறுகரை என்று ஒன்றைக் காணாமலே திரும்புவதை நான் பிரயாணமாகக் கருதவில்லை.

சிறிய கப்பலுக்கு வருவோம். இதில் இரு வகை உண்டு. 2023 ஜனவரியில் வாரணாசியிலிருந்து புறப்பட்டு, வங்கதேசத்தையும் தொட்டு, ஐம்பத்தோரு நாட்களில் சுமார் 3,200 கிலோமீட்டர் கடந்து அஸ்ஸாமின் திப்ருகட் சேர்வதாகத் திட்டமிடப்பட்ட 'கங்கா விலாஸ்' முப்பத்தாறு பேருக்கு மட்டுமே இடமுள்ள கப்பல். முதற்பிரயாணத்தில் ஏறினவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள், அவர்களிலும் முதியவர்களே மிகுதி. அதன் கட்டணம் நம் பென்ஷன்காரர் எவருக்கும் எட்டாது. சிறியது என்பதனாலேயே மலிவு என்று கொள்வதற்கில்லை. உண்மையில் உலகெங்கும் சிறிய உல்லாசக் கப்பலே ஆள் ஒன்றுக்கு அதிகப் பணம் வாங்குகிறது. செலவைப் பங்கிட்டுக்கொள்ள ஆட்கள் குறைவு என்பதே காரணம்.

மற்றொரு வகை, அரசாங்கம் நடத்தும் கப்பல். கொச்சியிலிருந்து லட்சத்தீவுகளுக்கு ஓடும் 'கவரத்தி' எழுநூறு பேரை ஏற்றும். அதைவிடச் சிறியவையும் அந்த வழியில் உண்டு. தீவுவாசிகள் தங்கள் அரிசி மூட்டையோடும் ஆஸ்பத்திரிக் காகிதங்களோடும் கல்லூரிப் பிள்ளைகளோடும் போய்வருகிற கப்பல்கள் இவை. எங்கள் ஆசிரியர் நண்பர் இதைப் பற்றிப் பேசும்போது சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. அதிகாலையில் தளத்தின் கம்பியைப் பிடித்து நின்றபோது பக்கத்தில் நின்ற மினிக்காய் மாலுமி ஒருவர் நீரின் நிறம் மாறுவதைக் காட்டி, ஆழம் எங்கே குறைகிறது, பவளத் திட்டு எங்கே தொடங்குகிறது என்று விளக்கியதைத்தான் சொல்வார். இரண்டாம் நாளைக்குள் கப்பலில் பாதிப் பேரை முகம் தெரிந்துவிட்டது, இறங்கும்போது மூன்று வீட்டு விருந்துக்கு அழைப்பு இருந்தது என்பார். தனிமையே பெரும் வியாதியாகிவிட்ட முதுமைக்கு இதைவிட நல்ல மருந்தை நான் அறியேன்.

ஆனால் அவரே ஒப்புக்கொள்கிற சிரமம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துச் சிறிய கப்பலைப் புகழ்வது முதியவர்களுக்குச் செய்யும் துரோகமாகும். தீவுகள் பலவற்றில் கப்பல் கரையை அணையாது, வெளிக்கடலில் நின்றுகொள்ளும். அலையோடு ஏறியிறங்குகிற படகுக்கும் கப்பலின் பக்கவாட்டுக் கதவுக்கும் இடையே ஒரு கணத்தில் காலெடுத்து வைக்கவேண்டும். மாலுமிகள் இரு கைகளையும் பற்றித் தூக்கி வைக்கிறார்கள் என்றாலும், இடுப்பெலும்பு தேய்ந்தவர்களுக்கு அந்த ஓரடி ஒரு மலை. ஆட்டமும் அதிகம். கப்பல் தன் நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் ஏறியிறங்குவதால், அறை எடுக்கிறவர்கள் நடுவிலும் கீழ்த்தளத்திலும் எடுக்கவேண்டும் என்பதைச் சிறிய கப்பலில் ஏறுகிற முதியவர்களுக்கு யாரேனும் முன்கூட்டியே சொல்லவேண்டும். டிக்கெட் கவுன்டரில் அதைச் சொல்வார் இல்லை.

பெரியது, சிறியது ஆகிய இவ்விரண்டு வகையையும் நமது கடலில் பரீட்சை செய்து பார்த்தாயிற்று என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். 2011 ஜூன் 13-ஆம் தேதி தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 'ஸ்காட்டியா பிரின்ஸ்' என்ற கப்பல் விடப்பட்டது. வட அமெரிக்காவில் மெய்ன் மாகாணத்துக்கும் நோவா ஸ்கோஷியாவுக்கும் இடையே பல்லாண்டு ஓடிய அந்தக் கப்பல் ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும். இந்தக் கரையிலிருந்து ஓரிரவில் கொழும்பு சேரலாம் என்று நெல்லையில் எத்தனையோ குடும்பங்கள் ஆவலோடு பேசின. ஆனால் அத்தனை பெரிய வயிற்றை நிரப்பப் போதிய ஜனங்கள் வரவில்லை. எண்ணெய்க்கும் ஆட்களுக்கும் ஆகும் செலவோ கூட்டம் குறைந்ததென்று குறையவில்லை. நவம்பரோடு கப்பல் நின்றது. பிறகு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு 150 பேர் கொள்ளும் 'செரியபாணி' என்னும் விரைவுப் படகு விடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டு அது நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் அதே வழியில் அதே கொள்ளளவுள்ள 'சிவகங்கை' வந்தது. சுமார் 110 கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் கடக்கிறது. பெரியது கூட்டமின்மையால் நின்றது. சிறியது காற்றினால் நின்றது. நின்ற பெரிய கப்பல் மறுபடியும் வரவில்லை, நின்ற சிறிய படகுக்கு அடுத்த வருஷமே வாரிசு வந்துவிட்டது என்பதை மட்டும் கொள்கை வகுப்போர் கவனிக்க வேண்டும்.

சிறிய கப்பலுக்குச் சாதகமாகப் பூகோளமே பேசுகிறது. தூத்துக்குடியிலிருந்து நாகப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ போகவேண்டிய பெரிய கப்பல் எதுவும் நேராகப் போக முடியாது. ராமேசுவரத்துக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள மணல்திட்டுகளில் ஆழம் போதாமையால் இலங்கை முழுவதையும் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தச் சுற்றைத் தவிர்க்க 2005-இல் தொடங்கப்பட்ட சேதுசமுத்திரத் திட்டம் பாதியில் நின்றது. ஆனால் பாம்பன் கால்வாய் வழியே மீன்பிடி விசைப்படகுகளும் இழுவைக் கப்பல்களும் தெப்பக் கலங்களும் ரயில் பாலத்தைத் திறக்கச் செய்து இன்றும் போய்வருகின்றன. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளமுள்ளது, செங்குத்தாக மேலே உயர்கிறது. ஆழம் குறைந்த நீரில் மிதக்கத்தக்க அடிப்பாகத்தோடு, நூறு நூற்றைம்பது பேர் கொள்ளும் கப்பல் ஒன்றைக் கட்டினால், தூத்துக்குடியிலிருந்து மன்னார் வளைகுடாவின் தீவுகளை ஒட்டி ராமேசுவரம், அங்கிருந்து உயர்த்திய பாலத்தின் கீழ் பாக் நீரிணை, பிறகு நாகப்பட்டினம் என்று போகலாம். நாகூர் தர்காவும் வேளாங்கண்ணி மாதா கோயிலும் திருவாரூர்த் தேரும் இறங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரு தோண்டுதலும் வேண்டாம். ஒரு பவளத் திட்டும் உடைய வேண்டாம். எந்தப் பெரிய கப்பலும் எக்காலத்திலும் செய்ய முடியாத யாத்திரை இது.

இதை நடத்தத் தமிழ்நாட்டில் ஸ்தாபனமும் இருக்கிறது. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் 'பொதிகை', 'குகன்', 'விவேகானந்தா' என்ற படகுகளை நெடுங்காலமாக நடத்தி வரும் பூம்புகார்க் கப்பற் கழகம் அரசாங்கத்துடையதே. பின்னர் வாங்கிய படகுகளுள் ஒன்றுக்கு அது 'தாமிரபரணி' என்று பெயரிட்டிருப்பது எங்கள் பிரதேசத்துக்குப் பெருமை. இந்த ஆற்றின் முகத்தில் இருந்த கொற்கையும், பிறகு மார்க்கோ போலோ வந்து பார்த்த காயலும் ஒரு காலத்தில் உலகத்துக் கப்பல்களை வரவேற்ற துறைகள். அதே ஆற்றின் பெயர் தாங்கிய கலம் பாறைக்கும் கரைக்கும் இடையே சில நிமிஷம் ஓடுவதோடு நின்றுவிட வேண்டுமென்பதில்லை. நாங்கள் ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிப் போய்ச் சேரக்கூடிய துறைமுகம், சுதேசிக் கப்பல் விட்டு, பின்னர் ராஜத்துரோகக் குற்றச்சாட்டில் சிறை சென்ற வ. உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1906-இல் இருபத்தைந்து ரூபாய்ப் பங்குகளாகச் சேர்த்துச் சுதேசிக் கம்பெனி தொடங்கிய அந்த மனிதர் கப்பலைச் சாதாரண ஜனங்களின் சொத்தாகவே கருதினார்.

அந்தக் கப்பல் எப்படி இருக்கவேண்டும் என்பதில், எங்கள் டீக்கடை பெஞ்சின் இரு கட்சிகளும் ஒத்துப்போவதை நான் கண்டேன். படகு மாறி ஏறுகிற வேலை இருக்கக்கூடாது. துறையின் படித்துறையிலிருந்து நேரே சரிவுப் பலகை வழியாகச் சக்கர நாற்காலி உள்ளே போகவேண்டும். ஓரிரவுப் பிரயாணத்துக்கு மருத்துவரை விதி கட்டாயப்படுத்தாவிட்டாலும், முதியவர்களுக்காக விடுகிற கப்பலில் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் அவசியம். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி வேண்டும். இரவில் எழுந்து போகிறவர்கள் கால்தடுக்காதபடி வாசற்படி தாழ்ந்திருக்க வேண்டும். தொழுவதற்கும் ஜபிப்பதற்கும் ஓர் அமைதியான அறை வேண்டும். சூதாட்டம் வேண்டாம். கட்டணத்தை லட்சத்தீவுக் கப்பல்களைப் போல அரசாங்கம் தாங்கவேண்டும். மகளிருக்கு நகரப் பேருந்தில் கட்டணமே வாங்காத ஓர் அரசாங்கத்துக்கு இது புதிய தர்மமாகாது.

காற்றைப் பற்றிய அச்சத்துக்கும் வழியுண்டு. தென்மேற்குப் பருவக்காற்று தணிந்து, வடகிழக்கு மழையும் ஓய்ந்தபின், பிப்ரவரி தொடங்கி ஏப்ரல் வரை மன்னார் வளைகுடா பொதுவாக அடங்கியிருக்கும் என்பது தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கும் மீனவர்களுக்கும் தெரியும். வருஷம் முழுதும் ஓட்டுவோம் என்று வாக்களித்து ஏழாம் நாள் நிறுத்துவதைவிட, இந்த மூன்று மாதங்களுக்கு மட்டும் வாரம் ஒரு முறை என்று அறிவித்து, அதைத் தவறாமல் நடத்துவது மேல். எஞ்சிய மாதங்களில் அதே கப்பல் காற்று மறைந்த துறைகளில் வேறு வேலை செய்யலாம். திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம், நாகப்பட்டினம் ஆகிய நான்கு தொகுதிகளின் பிரதிநிதிகளும் கட்சி பேதம் பாராமல் ஒன்றுகூடி, வரும் பட்ஜெட்டில் இப்படிப்பட்ட ஒரே ஒரு கப்பலைக் கட்டுவதற்குத் தொகை ஒதுக்கும்படி சட்டமன்றத்திலும் பாராளுமன்றத்திலும் கேட்கவேண்டும். கொச்சிக் கப்பல் தளத்தில் இதைவிடப் பன்மடங்கு பெரிய கலங்களைக் கட்டுகிறார்கள். ஆகையால் கட்ட இடமில்லை என்ற பதிலை மட்டும் நாங்கள் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.